டாக்டர் சார்லஸ் ட்ரூ

உதிரம் கொடுத்துப் பிறர் உயிர் காப்பவர் இருதிறத்தார். ஒருசாரார் ஊதியம் கருதாது கொடுப்பர். மற்றொருசாரார் கூலி பெற்றுக் கொடுப்பர். முன்னவரைப் புகழ்தலும் பின்னவரைப் பற்றிப் பேசாதிருத்தலும் உலக வழக்கு. நோயுற்றுக் கிடப்பான் ஒருவனது நாளத்திற் புகுந்தபின், அவ்வுதிரம் தானமாக வந்ததோ விலைக்கு வந்ததோ என்று அவன் உடல் வினவுவதில்லை. வெள்ளை நிறத்தாரிடமிருந்து வந்ததோ கறுப்பு நிறத்தாரிடமிருந்து வந்ததோ என்றும் வினவுவதில்லை. உடலுக்குத் தோன்றாத இவ்வேற்றுமைகள் மனிதர் மனத்துக்கு மாத்திரம் பெரிதாகத் தோன்றுகின்றன. உதிரத்தைப் பழுதின்றிச் சேமித்துத் தொலைதேசத்துக்கு அனுப்பும் வழியைத் தம் நாட்டார்க்குக் காட்டிய ஒருவர், அந்த வேற்றுமையின் கொடுமையைத் தம் வாழ்நாள் முழுதும் கண்டார். அவரே டாக்டர் சார்லஸ் ரிச்சர்டு ட்ரூ. இவர் பெயரைக் கேள்வியுற்றார் பலர். கேள்வியுற்ற செய்திகளிலோ கட்டுக்கதைகள் சில கலந்துள்ளன. ஆதலின் இவரது சரித்திரத்தை உள்ளவாறு கூற முயல்கின்றோம்.

ட்ரூ 1904-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3-ஆம் தேதி அமெரிக்க ஐக்கிய நாட்டின் தலைநகராகிய வாஷிங்டனிற் பிறந்தார். தந்தையார் வீடுகளுக்கும் காரியாலயங்களுக்கும் கம்பளம் விரிக்கும் தொழிலாளர். தாயார் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். எனினும் மக்கள் ஐவரை வளர்ப்பதையே தம் பணியாகக் கொண்டவர். சார்லஸே மூத்தவர். குடும்பம் செல்வம் மிக்கதன்று, வறுமையில் வாடியதுமன்று. சிறுவர் தெருவிற் பத்திரிகை விற்றுக் காசு ஈட்டினார். அந்நாளில் அந்நகரத்துப் பள்ளிக்கூடங்கள் நிறம் பற்றிப் பிரிக்கப்பட்டிருந்தன. கறுப்பு நிறத்தார்க்கென அமைந்த டன்பார் உயர்தரப் பாடசாலையில் அவர் கற்றார். பெரும் படிப்பாளிகள் பலர் நிறங் காரணமாக வேறிடங்களில் வேலை பெறாது அங்கே உபாத்தியாயராக அமர்ந்திருந்தமையின், பாடசாலை மிக்க கீர்த்தி பெற்றிருந்தது. ஒரு நாட்டின் அநீதி ஒரு பள்ளிக்கு இவ்வாறு நன்மையாய் முடிந்தது விந்தையே. 1920-ஆம் ஆண்டில், காசநோயால் மெலிந்திருந்த அவர் தங்கை ஒருத்தி விஷசுரத்தால் இறந்தாள். வைத்தியத்தில் அவர் மனம் சென்றமைக்கு அத்துயரமும் ஒரு காரணமென்பர்.

1922-ஆம் ஆண்டில் உபகாரச் சம்பளம் பெற்று மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து ஆம்ஹெர்ஸ்ட் கலாசாலையிற் சேர்ந்தார். அங்கே கறுப்பு மாணவர் மிகச் சிலரே. ட்ரூ படிப்பிற் சிறந்தவரென்று அக்காலத்தில் யாரும் சொல்லவில்லை; விளையாட்டிலோ அவர்க்கு நிகரானவர் அரியர். கால்பந்தாட்டத்திலும், தடை தாண்டி ஓடும் பந்தயத்திலும் அவர் புகழ் எங்கும் பரவிற்று. ஆட்டத்தில் தொடையிற் காயமுற்று ஆஸ்பத்திரியிற் கிடந்த நாட்களில் வைத்தியர் செய்கைகளை உற்று நோக்கினார். ஆட்டக்களத்திற் கழிந்த காலம் வீணென்று கருதும் பெற்றோர் நம்முள்ளும் உளர். அவர்க்கு இந்தக் காயத்தை மட்டும் ஒரு மறுமொழியாகக் காட்டலாம்.

1926-இற் பட்டம் பெற்றபின் வைத்தியக் கலாசாலையிற் சேரப் பணமில்லை. பால்டிமோர் நகரத்து மார்கன் கலாசாலையில் இரண்டாண்டு தேகப்பயிற்சித் தலைவராகவும் ரசாயனமும் உயிர்நூலும் கற்பிக்கும் ஆசிரியராகவும் இருந்து பொருள் சேர்த்தார். கறுப்பு நிறத்தார்க்குரிய ஹவார்டு சர்வகலாசாலையின் வைத்தியப் பகுதிக்கு விண்ணப்பித்தார். ஆங்கிலப் பாடத்திற் குறித்த அளவு பயின்றிலர் என்று அவர்கள் மறுத்தனர். பதின்மூன்றாண்டுக்குப்பின் அதே இடத்தில் ரண வைத்தியத் துறைக்கு அவர் தலைவரானார். கானடா தேசத்து மான்ட்ரியல் நகரிலுள்ள மக்கில் சர்வகலாசாலை அவரை ஏற்றுக்கொண்டது. 1928-இற் சேர்ந்து 1933-இற் பட்டம் பெற்றபொழுது 137 மாணவருள் இரண்டாமவராகத் தேறினார். ஆம்ஹெர்ஸ்டிற் சாமானிய மாணவராயிருந்தவர் இங்கே இவ்வாறு எழுந்தது, தாம் விரும்பிய துறையை அடைந்தமையால் என்பதன்றி வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை.

மக்கிலில் ஜான் பீட்டி என்னும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். வட அயர்லாந்தினர்; இளைஞர். பெருங்காயம் பட்டவரும், தீப்புண் பட்டவரும், இரத்தம் இழந்து அதிர்ச்சியில் மயங்குவதன் காரணத்தை அவர் ஆராய்ந்து வந்தார். அம்மயக்கத்திலிருந்து ஒருவனை மீட்கச் சிறந்த வழி பிறன் இரத்தத்தை அவனுடலிற் செலுத்துவது. ஆனால் அந்நாளில் அது எளிதன்று. மனித இரத்தம் பல வகுப்பினதென்பதைக் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1901-இல் வெளியிட்டிருந்தார். அதற்காக 1930-இல் நோபெல் பரிசும் பெற்றார். வகுப்பு ஒவ்வாத இரத்தம் சென்றால் நோயாளன் இறப்பான். ஒத்த வகுப்பினன் ஒருவனைத் தேடிப் பிடித்துப் பக்கத்திற் கிடத்துவதற்குள் அவன் உயிர் போதலும் உண்டு. இந்தக் காலதாமதமே கொலைஞன் என்பதை ட்ரூ மான்ட்ரியல் ஆஸ்பத்திரிகளிற் பன்முறை கண்டார்.

இவ்விடத்தில், கூலிக்கு இரத்தம் கொடுப்பாரைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பெரு நகரங்களில், நினைத்தவுடன் ஆள் கிடைக்கவேண்டும் என்பதற்காகவே அத்தொழில் தோன்றிற்று. நியூயார்க்கில் ஆஸ்பத்திரிகள் அழைத்தவுடன் வந்து இரத்தம் கொடுத்துப் பணம் பெற்றுச் செல்வோர் பலர் இருந்தனர். அவருள் நோயை மறைத்து வருவாரும், உடல் தேறுமுன் மீண்டும் கொடுப்பாரும், இடைத்தரகர் கையிற் பாதிக் கூலியை இழப்பாரும் உண்டு. இக்குறைகளை நீக்கி, அவர்களைச் சோதித்துப் பதிவு செய்து முறைப்படுத்துதற்கென இரத்தமேற்றுதலைச் செம்மைசெய்யும் சங்கம் ஒன்று 1929-இல் அந்நகரத்தில் ஏற்பட்டது. கூலிக்குக் கொடுப்பாரை ஒழுங்கு செய்ய எழுந்த இச்சங்கமே, சில ஆண்டுகட்குப்பின் கூலியின்றிக் கொடுப்பார் ஆயிரக்கணக்கானவரின் உதிரத்தை ட்ரூவின் கையில் ஒப்புவித்தது.

ட்ரூ 1935-இல் ஹவார்டு சர்வகலாசாலையில் நோய்க்கூற்றியல் ஆசிரியரானார். வெள்ளையர் ஆஸ்பத்திரிகளில் ரண வைத்தியப் பயிற்சி பெறக் கறுப்பு நிறத்தார்க்கு வாயில் பெரும்பாலும் அடைத்தே இருந்தது. வெள்ளை நோயாளர் அவரது கை தம்மேற் படுதலை விரும்பார் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. 1938-இல் ராக்பெல்லர் நிதியின் உதவியால் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலைக்கும் அதனைச் சேர்ந்த பிரஸ்பிட்டீரியன் ஆஸ்பத்திரிக்கும் சென்றார். ஆய்வுசாலையோடு நிற்கவேண்டுமென்றே முதலில் அங்கே எண்ணியிருந்தனர். அவரோ தம் திறமையால் நோயாளரை நேரிற் காணும் பயிற்சியையும் பெற்றுவிட்டார். ஜான் ஸ்கட்டர் என்பாரோடு கூடி இரத்தத்தைச் சேமிக்கும் முறைகளை ஆராயத் தொடங்கினார்.

இரத்தத்தைச் சேமிக்கும் எண்ணம் ட்ரூவினுடையதன்று. அவரே இரத்த வங்கியைக் கண்டுபிடித்தாரென்பது மிகையுரை. சோடியம் சிட்ரேட்டு என்னும் உப்பைக் கலந்தால் இரத்தம் உறையாதென்பது 1914-ஆம் ஆண்டளவிலேயே அறியப்பட்டிருந்தது. ருஷ்ய வைத்தியர் இத்துறையிற் பல முயன்றிருந்தனர். சிக்காகோ நகரத்துக் குக் கவுண்டி ஆஸ்பத்திரியில் பெர்னார்டு பாண்டஸ் 1937-இல் ஒரு நிலையம் நிறுவி, அதற்கு இரத்த வங்கியென்று பெயரும் இட்டிருந்தார். ஆயினும் சேமித்த இரத்தம் எத்தனை நாள் நிற்கும், எதனாற் கெடும், எக்கலத்தில் எவ்வளவு குளிரில் வைக்கவேண்டும் என்பவற்றில் ஆளுக்கொரு கருத்தாக இருந்தது. ட்ரூ இவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தார். நாட்பட நாட்படச் சிவப்பணுக்களினின்று பொட்டாசியம் கசிந்து வெளியேறுதலை அளந்தார். கலத்தின் வடிவமும், அதனைக் குலுக்குதலும்கூட அணுக்களின் ஆயுளைக் குறைக்குமென்று கண்டார். 1939 ஆகஸ்டு மாதத்தில் அவ்வாஸ்பத்திரியில் பரீட்சைக்காக ஓர் இரத்த வங்கி திறக்கப்பட்டது. இவ்வாராய்ச்சியெல்லாம் ஒரு பெரிய நூலாக 1940-இல் வெளிவந்தது. அதற்காகக் கொலம்பியா அவர்க்கு வைத்திய விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் அளித்தது. கறுப்பு நிறத்தாருள் அப்பட்டத்தை அங்கே முதன்முதற் பெற்றவர் அவரே. 1939 செப்டம்பரில், அட்லாண்டா நகரத்துக் கலாசாலை ஆசிரியையாகிய லெனோர் ராபின்ஸ் என்பாரை மணந்தார். மூத்த மகள் பிறந்தபொழுது, இரத்த வங்கி என்னும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைக் கூட்டிப் பீபீ என்று பெயரிட்டாராம். ஆராய்ச்சியாளர் மனைவியர் எத்துணைப் பொறுமையுடையராதல் வேண்டுமென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இனி, பிளாஸ்மா என்பது யாதென விளக்குவோம். உறையாவண்ணம் செய்த இரத்தத்தை ஒரு கண்ணாடிக் கலத்தில் அசையாது வைத்தால், சிவப்பணுக்கள் அடியிற் படியும். மேலே வைக்கோல் நிறமான தெளிந்த நீர் நிற்கும். அந்நீரே பிளாஸ்மா. இரத்தத்திற் பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கு அது. அதிற் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரே. எஞ்சியதில் ஆல்புமின், குளோபுலின், பைபிரினோஜன் முதலிய புரதங்களும் உப்புக்களும் உள்ளன. காயம் பட்டு மயங்கியவனது உடம்பில் உடனே குறைவது குழாய்களை நிரப்பும் நீரின் அளவு. ஆதலின் அணுக்களை நீக்கிய பிளாஸ்மாவைச் செலுத்தினும் அவன் பிழைத்தல் கூடும். பலர் பிளாஸ்மாவை ஒன்றாய்க் கலந்துவிட்டால் வகுப்புப் பார்க்கவேண்டிய தொல்லையும் பெரிதும் நீங்கும். முழு இரத்தம் சில நாளிற் கெடும்; பிளாஸ்மாவோ நெடுநாள் நிற்கும். உலர்த்திப் பொடியாக்கிவிட்டால் குளிர்ப்பெட்டியும் வேண்டா. போர்க்களத்துக்கு இதனினும் ஏற்ற பொருள் யாது?

போரும் வந்தது. 1940-இல் ஜெர்மானிய ஆகாய விமானங்கள் இங்கிலாந்தின்மேற் குண்டு பொழியத் தொடங்கின. அதற்குள் ட்ரூவின் பழைய ஆசிரியர் பீட்டி தாய்நாடு சென்று, ஆகாயப் படையின் இரத்த உதவிக்குப் பொறுப்பேற்றிருந்தார். அவர் பிளாஸ்மா வேண்டித் தம் மாணவருக்குத் தந்தி அனுப்பினார். ஆகஸ்டு மாதத்தில், மேற்கூறிய சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் கூடி, பிரிட்டனுக்கு இரத்தம் என்னும் ஏற்பாட்டை நியூயார்க்கில் தொடங்கின. ஆஸ்பத்திரிகள் பல அதிற் சேர்ந்தன. ஒவ்வொன்றும் தன் தன் வழியில் இரத்தம் எடுத்துப் பிளாஸ்மாவைப் பிரித்தது. ஒரு கலத்திற் கிருமி புகுந்தால் அதனோடு சேர்த்த கலங்களெல்லாம் விஷமாகும். கடல் கடந்து சென்றபின் அதைக் கண்டறிந்து யாது பயன்? இந்நிலையில் ஹவார்டுக்குத் திரும்பியிருந்த ட்ரூவை அழைத்து, வைத்திய மேற்பார்வையாளராக நியமித்தனர்.

அவர் செய்தது அற்புதமொன்றுமன்று, ஒழுங்கு. எல்லா ஆஸ்பத்திரிகட்கும் ஒரே முறையை விதித்தார். கொடுப்பாரது உடல்நிலையைச் சோதித்தல், ஊசியும் குழாயும் தூய்மை செய்தல், காற்றுப் படாது பிளாஸ்மாவைப் பிரித்தல், ஒவ்வொரு தொகுதியையும் கிருமி உண்டோவெனப் பலமுறை பார்த்தல், இவற்றுக்கெல்லாம் எழுதிய விதிகள் ஏற்பட்டன. கூலி இல்லை, எனினும் நியூயார்க் நகரத்து மக்கள் ஆஸ்பத்திரிகளை நாடி வந்தவண்ணம் இருந்தனர். 1941 ஜனவரியில் பிரிட்டன் தன் தேவையைத் தானே நிறைவு செய்துகொள்ளும் நிலையை அடைந்தபொழுது ஏற்பாடு முடிவுற்றது. அதற்குள் 14,556 முறை இரத்தம் கொடுக்கப்பட்டு, 5,000 லிட்டருக்கு மேற்பட்ட பிளாஸ்மாக் கரைசல் கடல் கடந்திருந்தது. வைத்திய வேலையை ஒரு தொழிற்சாலையின் ஒழுங்கோடும், கோவிற் பணியின் தூய்மையோடும் நடத்தக்கூடுமென்பதை அவர் காட்டினார். பின்னர் செஞ்சிலுவைச் சங்கம் அமெரிக்கப் படைகளுக்காக உலர்ந்த பிளாஸ்மாவைத் திரளாகத் தயாரிக்கும் முயற்சியைப் பரீட்சையாகத் தொடங்கிற்று. அதற்கும் அவரே உதவித் தலைவர். ஊர் ஊராகச் சென்று இரத்தம் சேர்க்கும் மோட்டார் வண்டிகள் அப்பொழுதே ஓடத் தொடங்கின. இக்காலத்தில் நம் கலாசாலை வாயிலில் வந்து நிற்கும் இரத்ததான வண்டியைக் காணும் மாணவர், அதன் பாட்டனார் வண்டி இதுவென்று அறிவாராக. போர் முடியுமுன் அச்சங்கம் சேர்த்த இரத்தம் 1 கோடியே 30 இலட்சம் அலகுக்கு மேல். பிளாஸ்மா ஒன்றே போதுமென்ற நம்பிக்கை போரின் பிற்பகுதியிற் குறைந்தது. மிகுதியாக இரத்தம் இழந்தவர்க்குச் சிவப்பணுக்களும் வேண்டுமெனக் கண்டு 1944 முதல் முழு இரத்தமும் ஐரோப்பாவுக்கு விமானத்தில் அனுப்பினர். பலரது பிளாஸ்மாவைக் கலந்ததனால் காமாலை பரவியதும் உண்டு. சாஸ்திரம் ஒரே அடியில் நிறைவெய்துவதில்லை.

ட்ரூவைச் சிறிது நிறுத்திவிட்டு, அவர் கையாண்ட அந்த வைக்கோல் நிற நீர் பிற்காலத்தில் அடைந்த கதையைக் கூறுவோம். ஹார்வர்டில் எட்வின் கோன் என்னும் ரசாயனி, குளிரும் சாராயமும் கொண்டு பிளாஸ்மாவின் புரதங்களைத் தனித்தனியே பிரிக்கும் வழியைப் போர்க்காலத்தில் வகுத்தார். அதன்பின், காயம் பட்டார்க்கு மட்டுமன்றிப் பிறவி நோயாளர்க்கும் பிளாஸ்மா மருந்தாயிற்று. 1952-இல் ஆக்டன் புருட்டன் என்பார், குளோபுலின் இன்றிப் பிறந்து ஓயாது நோயுற்ற ஒரு சிறுவனுக்கு, பிறர் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த அப்புரதத்தை ஊசி மூலம் ஏற்றி வந்தார். அச்சிறுவன் நோயினின்று விடுபட்டான். சிறு கீறலிலும் இரத்தம் நில்லாது ஒழுகும் ஹீமோபிலியா நோயாளர், நாய்க்கடியுற்றார், இரத்தவகை முரணால் சிசுவை இழக்கும் தாய்மார் ஆகிய பலரும் இன்று பிளாஸ்மாவிற் பிரித்த மருந்துகளால் வாழ்கின்றனர். எதிர்ப்பாற்றலின்றிப் பிறந்த ஒருவர்க்கு ஓராண்டு மருந்துக்குச் சுமார் 130 முறை கொடுத்த பிளாஸ்மாவும், ஹீமோபிலியா உடையார் ஒருவர்க்குச் சுமார் 1,200 முறை கொடுத்த பிளாஸ்மாவும் வேண்டுமெனக் கணக்கிடுவர்.

இத்துணைப் பிளாஸ்மாவைத் தானமாகவே பெறுதல் எந்நாட்டிற்கும் எளிதாயில்லை. இரத்தத்தை எடுத்து, பிளாஸ்மாவை மாத்திரம் பிரித்துக்கொண்டு, அணுக்களைக் கொடுத்தவர் உடலுக்கே திருப்பிச் செலுத்தும் முறை உண்டு. 1914-இல் பால்டிமோரில் ஜான் ஆபெல் என்பார் நாய்களிடத்து முதலிற் செய்துகாட்டியது அது. அணுக்கள் திரும்பிவிடுதலால், முழு இரத்தம் கொடுப்பவரைப் போல் மாதக்கணக்கிற் காத்திருக்க வேண்டுவதில்லை. அமெரிக்காவில் ஏழு நாளுக்குள் இருமுறை கொடுக்கச் சட்டம் இடந்தருகிறது. ஒவ்வொரு முறைக்கும் சில பத்து டாலர்கள் கூலியாகக் கொடுக்கின்றனர். ஜெர்மனி, ஆஸ்திரியா முதலிய நாடுகளிலும் பணம் கொடுக்கும் வழக்கம் உண்டு. உலகத்து மருந்துக்காகச் சேரும் பிளாஸ்மாவிற் பெரும்பகுதி அமெரிக்கர் கூலிக்குக் கொடுப்பதே. வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் பற்றாதபொழுது பலர் அங்கே செல்கின்றனர். அவரது கையிலுள்ள தழும்பை இகழ்வார், அப்பிளாஸ்மாவில் உயிர் வாழும் நோயாளரை ஒருமுறை காணல் நன்று.

ஆயினும் இதன் மறுபக்கமும் மறைக்கற்பாலதன்று. 1980-களின் முற்பகுதியில், பல்லாயிரவர் பிளாஸ்மாவைக் கலந்து செய்த மருந்தின் வழியாக எய்ட்ஸ் கிருமி புகுந்து, அமெரிக்காவில் ஹீமோபிலியா நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்நோயுற்றனர். சிறைக்கைதிகளிடம் விலைக்கு வாங்கிய பிளாஸ்மாவும் அம்மருந்திற் கலந்திருந்தது. வெப்பத்தால் மருந்தைத் தூய்மை செய்யும் வழி பின்னரே வழக்கிற்கு வந்தது. 1990-களில் சீன தேசத்து ஹெனான் மாகாணத்தில் ஏழைக் குடியானவர் பிளாஸ்மா விற்றனர். வாங்கியோர், பலரது அணுக்களை ஒன்றாகக் கலந்து அவரவர்க்கே திரும்பச் செலுத்தினர். ஊர் ஊராக நோய் பரவிற்று. இங்கே கெட்டது கூலியா, ஒழுங்கின்மையா என்று கேட்டால், ட்ரூ எழுதிய விதிகளில் ஒன்றையேனும் அவர்கள் கைக்கொண்டிருப்பின் அத்துணைக் குடும்பங்கள் அழிந்திரா என்றே நமக்குத் தோன்றுகிறது. நம் நாட்டில், சுப்ரீம் கோர்ட்டின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பினால், கூலிக்கு இரத்தம் கொடுத்தல் 1998 ஜனவரி முதல் தேதியோடு விலக்கப்பட்டது.

மீண்டும் ட்ரூவினிடம் வருவோம். 1941 ஏப்ரலில் அவர் செஞ்சிலுவைச் சங்க வேலையை விட்டு வாஷிங்டனுக்குத் திரும்பி, ஹவார்டு சர்வகலாசாலையின் ரண வைத்தியத் தலைவராகவும், விடுதலையடைந்த அடிமைகளுக்கென முன்னாளில் ஏற்பட்ட பிரீட்மென் ஆஸ்பத்திரியின் தலைமை ரண வைத்தியராகவும் அமர்ந்தார். அதே ஆண்டு நவம்பர் மாதத்தில், கறுப்பு நிறத்தாரது இரத்தத்தை ஏற்பதில்லை என்று அச்சங்கம் அறிவித்தது. படைத்தலைவர் விருப்பம் அதுவென்றனர். கண்டனம் எழுந்தபின், 1942 ஜனவரியில், ஏற்போம், ஆனால் தனியே பிரித்து வைப்போமென்று மாற்றிக்கொண்டனர். இதனைக் கண்டு வெகுண்டே ட்ரூ வேலையைத் துறந்தார் என்பது பரவலான கதை. தேதிகளைப் பார்க்கின் அது பொருந்தாது. அவர் விலகியது ஏழு மாதத்துக்கு முன்னரே, தம் இனத்து இளைஞரை ரண வைத்தியராக்கும் பொருட்டு. ஆனால் அதனால் அவர் பெருமை குறையாது. வெளியிலிருந்தபடியே அவர் அவ்விதியைக் கண்டித்தார். உலர்ந்து பொடியான பிளாஸ்மாவில் எந்நிறத்தாருடையது எதுவென்று சொல்ல எந்தச் சோதனையும் இல்லை என்பதை அவரினும் நன்கறிந்தார் யார்? பிளாஸ்மா சேர்க்கும் முறையை வகுத்தவரே, தம் இரத்தத்தைக் கொடுக்க வரின், அதனைத் தனிப்பெட்டியில் வைப்பர். 1944-இல், கறுப்பு நிறத்தார் முன்னேற்றச் சங்கம் அவர்க்கு ஸ்பிங்கார்ன் பதக்கம் அளித்துச் சிறப்பித்தபொழுதும் இவ்வநீதியை எடுத்துரைத்தார்.

அவர் தம் வாழ்நாளின் பெருஞ்செயலாகக் கருதியது பிளாஸ்மாவன்று, மாணவரே. 1941 முதல் 1950 வரை அமெரிக்க ரண வைத்தியப் பரீட்சைக் கழகத்தின் சான்று பெற்ற கறுப்பு ரண வைத்தியருள் பாதிக்கு மேற்பட்டார் அவரிடம் பயின்றவர். மாணவரிடம் அவர் கடுமை மிகுதி, அரைகுறையைப் பொறார். வெள்ளையரோடு ஒப்பப் படித்தாற் போதாது, விஞ்சவேண்டும் என்பது அவர் கருத்து. அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் தலைநகரக் கிளை அக்காலத்தில் கறுப்பு நிறத்தாரைச் சேர்க்கவில்லை. கிளையிற் சேராதார் தலைமைச் சங்கத்திலும் சேர இயலாதிருந்தது. 1947-இல் அச்சங்கத்தின் பத்திரிகை ஆசிரியருக்கே இதுபற்றி எழுதினார். பயன் விளையவில்லை. அமெரிக்க வைத்திய உலகிற் பெயர் பெற்ற அவர் அச்சங்கத்தின் உறுப்பினராகாமலே இறந்தார்.

அலபாமா மாகாணத்து டஸ்கீகி நகரில் அந்நாளில் ஆண்டுதோறும் ஏழைகளுக்கு இலவச வைத்திய முகாம் நடைபெற்று வந்தது. 1950 ஏப்ரல் மாதம் முதல் தேதி, அதற்குச் செல்லும்பொருட்டு, ட்ரூ இளைய வைத்தியர் மூவரோடு மோட்டாரிற் புறப்பட்டார். முந்தைய நாள் நெடுநேரம் வேலை செய்திருந்தார், உறக்கம் குறைவு. வட கரோலினா மாகாணத்தில் பர்லிங்டன் நகரத்தருகே, காலை எட்டு மணி அளவில், வண்டியோட்டியபடியே அவர் கண் அயர்ந்தார். வண்டி புரண்டது. மற்றவர் பிழைத்தனர், ட்ரூவின் மார்பு நசுங்கிற்று. அலமான்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றனர். அங்கிருந்த வெள்ளை வைத்தியர் தம்மால் இயன்றதெல்லாம் செய்தும் அரைமணிக்குள் உயிர் நீங்கிற்று. வயது 45. மனைவியும் நான்கு குழந்தைகளும் எஞ்சினர்.

அவர் இறந்த சில நாளிலேயே ஒரு வதந்தி எழுந்தது: நிறங் கருதி அவ்வாஸ்பத்திரி அவரை ஏற்க மறுத்தது, பிளாஸ்மா தந்தவர் அது கிடையாமலே மாண்டார் என்பது. கேட்பார் மனத்தை உருக்கும் கதை; ஆனால் உண்மையன்று. உடன் சென்ற வைத்தியர்களே அதனை மறுத்துரைத்தனர். என்றாலும் இன்றும் பலர் அதனை நம்புகின்றனர். இவ்வாறு நம்பும்படி அத்தேசத்தார் நடந்துகொண்டிருந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில், அதே வட்டாரத்தில் மோட்டார் விபத்துற்ற கறுப்பு இளைஞர் ஒருவர், போரிற் பணியாற்றியவர், கறுப்பு நிறத்தார்க்கென ஒதுக்கிய படுக்கைகளில் இடமில்லை என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியால் திருப்பப்பட்டு இறந்தார். மக்கள் நாவில் அவரது மரணமும் ட்ரூவின் மரணமும் கலந்து ஒன்றாயின போலும்.

இரத்தத்தின்மேல் இனத்தைக் குறிக்கும் வழக்கத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் 1950-ஆம் ஆண்டின் முடிவிற் கைவிட்டது. ட்ரூ இறந்து ஒன்பது மாதம் நிறையவில்லை. தென்மாகாணங்கள் சிலவற்றில் அது பின்னும் நெடுங்காலம் நின்றது. லூயிசியானாவில் 1972-இலேதான் அச்சட்டம் ஒழிந்தது. 1966-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தோன்றிய ஒரு வைத்தியக் கலாசாலைக்கு அவர் பெயர் இட்டனர். 1981-இல் அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளியாயிற்று. 2010-இல் அமெரிக்கக் கடற்படை தன் சரக்குக் கப்பல் ஒன்றுக்குச் சார்லஸ் ட்ரூ என்று பெயர் சூட்டி நீரில் இறக்கியது. அக்கப்பல் 2022 ஆகஸ்டு மாதம் 7-ஆம் தேதி, சென்னைக்கு வடக்கேயுள்ள காட்டுப்பள்ளித் துறையிற் பழுது பார்க்க வந்து நின்றது. அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்று இந்தியாவிற் செப்பனிடப்பட்டது அதுவே முதன்முறை.